வீட்டு வாகனமும் நாமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான விழாவொன்றில் மருத்துவர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், முழங்கால் வலி என்ற மூன்றில் ஒன்றைத்தான் சபை எதிர்பார்க்கும். வீட்டில் நிற்கும் வாகனத்தைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று விழாக் குழுவினரிடம் சொன்னபோது, "அது ஆம்பிளையளின்ரை விசயம் எல்லோ" என்று ஓர் அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பினால்தான் இந்தத் தலைப்பில் உறுதியாக நின்றோம். காலையில் பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றிப் பாடசாலையில் விடுவது நாம். மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது நாம். கோயிலுக்கும், ரியூசனுக்கும், வங்கிக்கும், சந்தைக்கும் போய்வருவது நாம். ஆனால் அந்த வண்டியின் ரயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கேட்டால் "அவரைத்தான் கேட்க வேண்டும்" என்கின்றோம். அவரைக் கேட்டால் "கராச்சில்தான் கேட்க வேண்டும்" என்பார். கராச்சுக்காரரோ, வண்டி தன்னிடம் வந்து ஒன்றரை வருடமாகிறது என்பார்.

வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கு இந்த விடயம் வேறொரு பக்கத்தால் வந்து சேருகிறது. அங்கு வருபவர்களில் பலர் பெருந்தெருவில் பேருந்தோடு மோதியவர்கள் அல்லர். வீட்டிலிருந்து ஒன்று இரண்டு கிலோமீற்றருக்குள், தெரிந்த ஒழுங்கையில், தெரிந்த வளைவில் விழுந்தவர்கள். "கடைக்குத்தானே போனனாங்கள், டொக்டர்" என்பதை எத்தனை தரம் கேட்டிருப்போம்!

நாம் வளர்ந்த காலத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துபோல் துளித்துளியாக அளக்கப்பட்டது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் வெள்ளைப் புகை கக்கியபடி எங்கள் ஒழுங்கைகளில் போனதை இங்கு இருக்கும் நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு மெக்கானிக் இருந்தார். சைக்கிள் சில்லுக்கு ஒட்டுப் போடத் தெரியாத பெண் பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். அந்தக் கைப்பழக்கம் எங்கே போனது? பாதை திறந்தது, லீசிங் வந்தது, தவணைப் பணத்தில் ஸ்கூட்டி வந்தது. பொருள் புதிதாக வந்தபோது அதைத் திறந்து பார்க்கும் துணிவு குறைந்துவிட்டது.

வாகனங்களும் இப்போது புதியவை அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் எங்கள் வீட்டு வண்டிகளுக்கு ஐந்து வயது கூடியது. திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தவர்களே அதிகம். ஆகவே இருப்பதைப் பேணித்தான் ஓட வேண்டும். பழைய வண்டி ஆபத்தானது என்பதல்ல எமது கருத்து. பார்க்கப்படாத வண்டிதான் ஆபத்தானது.

ரயரிலிருந்து தொடங்குவோம். வண்டி எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு சில்லும் நிலத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிறேக் எவ்வளவு நல்லதானாலும் அந்த நான்கு உள்ளங்கைகளால்தான் வண்டி நிற்கிறது. ரயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. எங்கள் ஊரில் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. அதனால் பூ தேயாமல், பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். ஆனால் ரப்பர் வெயிலிலேயே காய்ந்து வெடிக்கிறது. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பூவின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். ரயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம். மாரி மழையில் அது தண்ணீரை வெட்டித் தள்ளாது, தண்ணீரின்மேல் வழுக்கும். காற்றின் அளவு சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிறிய ஒட்டுத்தாளில் எழுதப்பட்டிருக்கும். காலையில் ஓட முன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காற்றடிக்கும் தம்பியிடம் "வழமையா அடிக்கிற அளவு" என்று சொல்லாமல் அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். மேலதிகச் சில்லுக்கும் காற்றுப் பாருங்கள். தேவைப்படும் இரவில்தான் அதில் காற்றில்லை என்று பலருக்குத் தெரியவருகிறது.

பிறேக் ஒயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறையும். மலைப் பாதையில் தொடர்ந்து பிறேக் மிதிக்கும்போது சூட்டில் அது ஆவியாகி, மிதி வெறுமையாகக் கீழே இறங்கும். யாழ்ப்பாணத்துத் தட்டை வீதிகளில் ஆண்டு முழுவதும் ஓடிய வண்டியை ஆகஸ்ட் விடுமுறையில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். எஞ்சின் ஒயிலைச் சம தரையில் வண்டியை நிறுத்தி, சற்று ஆறவிட்டு, கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்கலாம். சோற்றுப் பதம் பார்ப்பதை விடச் சுலபமான வேலை அது. முன்தட்டில் எரியும் விளக்குகளின் நிறத்தை அறிந்து வைத்திருங்கள். சிவப்பு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும். "அது கனகாலமா எரியுது, ஒண்டுமில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். மருத்துவமனையிலும் அந்தப் பதிலைக் கேட்டிருக்கின்றோம், நெஞ்சு வலியைப் பற்றி.

இனிப் பராமரிப்பே காயமாகும் சந்தர்ப்பங்கள். எஞ்சின் சூடேறி நின்றுவிட்டால் உடனே றேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் கொதிநிலையையும் கடந்திருக்கும். திறந்த கணத்தில் முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். அந்த எரிகாயத்தோடு வருபவர் பெரும்பாலும் உதவிக்கு வந்த நல்ல மனிதராகத்தான் இருப்பார். அரை மணி நேரமாவது ஆறட்டும். ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் யாரும் தலையையோ காலையோ நீட்டக் கூடாது. பற்றரிக்குப் பக்கத்தில் சிகரெற்றோ தீக்குச்சியோ வேண்டாம், அது வெளிவிடும் வாயு வெடிக்கக் கூடியது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்று பழகிய பயம் இன்னும் சில வீடுகளில் குடிகொண்டிருக்கிறது. குசினிக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கானில் பெற்றோல். மண்ணெண்ணெயைப்போல் அல்ல பெற்றோல். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கானை வண்டித் தாங்கிக்குள் ஊற்றிவிடுங்கள், வெளி முற்றத்தில் வைத்து.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பல ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் காற்று பின் இருக்கைக்கு அருகிலுள்ள ஒரு சிறிய வலைத் துவாரத்தால்தான் போகிறது. அதன்மேல் பயணப் பையையும் துவாயையும் அடுக்கினால் பற்றரி மூச்சுத் திணறும். அதன் விலை உங்களுக்கே தெரியும்.

இருக்கைப் பட்டிக்கு வருவோம். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பட்டியை 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். உரிமையை இறுக்கிப் பிடிக்காமல் மற்ற நிறுவனங்களும் பாவிக்க விட்டார்கள். உலகத்துக்குக் கிடைத்த அந்தக் கொடையை நாம் முன் இருக்கையில் பொலிசுக்காக மட்டும் போடுகின்றோம். பின் இருக்கையில் பட்டியைக் குஷனுக்குள் செருகி மறைத்து, அதன்மேல் விரிப்பும் போட்டு வைத்திருக்கின்றோம். பட்டியில்லாமல் பின்னால் இருப்பவர் மோதலின்போது தானும் காயப்பட்டு, முன்னால் இருப்பவரின் முதுகிலும் தலையிலும் முழுப் பாரத்துடன் மோதுகிறார். சேலை கசங்கும் என்பதுதான் எமக்குச் சொல்லப்படும் முதற் காரணம். கலியாண வீட்டுக்குப் போகும் காஞ்சிபுரத்தை நாமும் மதிக்கின்றோம். விபத்துப் பிரிவில் அதைக் கத்திரிக்கோலால்தான் வெட்டி எடுப்பார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றோம்.

கர்ப்பிணிகள் பட்டி போடக் கூடாது என்று ஒரு தவறான எண்ணம் ஊரில் இருக்கிறது. கட்டாயம் போட வேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே, தொடையின் மேற்பகுதியோடு படிய வேண்டும். தோள் பட்டி இரு மார்புகளுக்கும் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டால் போக வேண்டும். வயிற்றின் நடுவே போட்டால்தான் கேடு. மகளுக்கும் மருமகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது மடிக் குழந்தை. இதைச் சொல்லும்போது அம்மம்மாமார் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். "என்ரை மடியை விடப் பாதுகாப்பு எது" என்பார்கள். அன்பில் குறையில்லை, கணக்கில்தான் குறை. 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி மோதி நிற்கும் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை கைகளை இழுக்கும் விசை நூறு கிலோவுக்கும் மேல். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. அம்மம்மாவும் பட்டி போடாமல் இருந்தால் அவரது பாரமும் சேர்ந்து குழந்தையைத்தான் நசுக்கும். குழந்தை இருக்கைக்குச் செலவழிக்க வசதியுள்ள வீடுகளில் கூட அதை வீண் செலவு என்று எண்ணுகின்றோம். முதலாம் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் அங்கே வைத்தியசாலையிலிருந்து பிள்ளையை இருக்கையில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறீர்கள். இங்கு வந்து விமான நிலையத்தில் இறங்கியதும் அதே பிள்ளை வானின் முன் இருக்கையில் மாமாவின் மடியில். ஊர் மாறினால் பிள்ளையின் எலும்பு மாறுமா? பின்னோக்கி வைக்கும் கைக்குழந்தை இருக்கையை எயார் பாக் வேலை செய்யும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்க வேண்டாம். விரியும் பை நேரே அந்த இருக்கையின் முதுகில்தான் அறையும்.

நிறுத்திய காருக்குள் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குள் போகவும் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை வெப்பம் ஏறும். கண்ணாடியைச் சற்று இறக்கி விடுவதால் பெரிய பயன் இல்லை. ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் போனால் வேறு ஆபத்துகள். அடைத்த கராச்சிலோ, புகைக்குழாய் பழுதான வண்டியிலோ காபன் மொனொக்சைட் உள்ளே சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் குமட்டலும் வந்து, பிறகு நித்திரைபோல் மயக்கம் வரும். வானுக்குள் கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு உறங்கும் சாரதிமாரைக் கண்டால் தட்டி எழுப்புங்கள். ஏசினால் ஏசட்டும்.

எங்கள் மாகாணத்தில் குடும்ப வாகனம் என்றால் பெரும்பாலும் கார் அல்ல, மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும்தான். சாரதியும் பின்னால் ஒருவரும் என்பதே விதி. ஆனால் முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு அம்மா என்று ஐந்து பேரையும் கண்டிருக்கின்றோம். வேறு வழி இல்லாத குடும்பங்களை நாம் பழிக்க வரவில்லை. வழி உள்ள இடத்தில் குறைத்துக் கொள்ளுங்கள் என்கின்றோம். பின்னால் இருக்கும் பெண் சேலையோடு ஒரு பக்கமாகச் சரிந்து அமர்ந்து, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் குடையும் பிடித்தால், பிடிமானத்துக்கு மூன்றாவது கை இல்லை. வீதியில் ஒரு சிறு மேடு போதும். தலை பின்பக்கமாக நிலத்தில் அடிபடும். சாரதி திரும்பிப் பார்க்கும்போது அவர் பத்து மீற்றர் தள்ளி வந்திருப்பார். அவருடைய தலையில் தலைக்கவசம் இருக்கும். மனைவியுடையது கைப்பையைப்போல முழங்கையில் தொங்கும், அல்லது தலையில் இருந்தாலும் நாடி வார் பூட்டப்பட்டிருக்காது. பூட்டாத தலைக்கவசம் விழும்போது உங்களுக்கு முன்னரே நிலத்துக்குப் போய்விடும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் தலைக்கவசத்தைக் கவிழ்ப்பதும் அப்படித்தான். தலையை அசைத்தால் கவசமும் கூடவே அசைய வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்டதைத் திரும்பப் பாவிக்கவும் கூடாது.

பஞ்சாபியின் சோலும் சேலைத் தலைப்பும் பின் சில்லில் அகப்பட்டால் கழுத்தை இறுக்கிக்கொண்டு இழுக்கும். முடிந்து கட்டுங்கள், இல்லையென்றால் பைக்குள் வையுங்கள். சிறு பிள்ளைகளின் குதிக்கால் கம்பிக்குள் போய்த் தோலுரிந்து வருவது எமது பிரிவில் வாடிக்கையான காட்சி. சில்லின் பக்கத்துக்கு ஒரு வலைத் தடுப்புப் பூட்டினால் போதும். இறங்கும்போது காலின் உட்புறத்தில் புகைக்குழாய் சுட்ட தழும்பு இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கையுயர்த்தச் சொன்னால் பாதிக் கைகள் உயரும் என்று நினைக்கின்றோம். பிள்ளைகளை இடப் பக்கத்தால் இறக்கப் பழக்குங்கள், குழாய் பெரும்பாலும் வலப் பக்கத்தில்தான் இருக்கும்.

வேகத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடக்கின்றோம். கைபேசியை இரண்டு செக்கன் பார்த்தால் 33 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்கு. வீட்டில் ஓ.எல். எடுத்ததும் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அழும் அம்மாமார் இந்தக் கணக்கை மகனுடன் இருந்து ஒருமுறை செய்து பாருங்கள்.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990இல் நின்ற புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது 2014 ஒக்ரோபரில். இருபத்து நான்கு ஆண்டுகள் தண்டவாளமே இல்லாத பாதையைக் குறுக்கே கடந்து வளர்ந்தவர்கள் நாம். கடவையில் நின்று இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் எங்கள் தலைமுறையின் காலுக்கு இல்லை. காவலாளி இல்லாத கடவைகளில் வானொலியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தலைக்கவசத்துக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருபவருக்கு அந்தச் சத்தம் கேட்காது.

மருத்துவர் என்பதால் மருந்தைப் பற்றி ஒன்றிரண்டு. தடிமனுக்கும் கடிக்கும் நாம் கேட்காமலே விழுங்கும் பிரிற்றன் நித்திரை தரும் மருந்து. அதை விழுங்கிவிட்டு ஸ்ரியரிங்கில் இருக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும், சீனியை நன்கு இறக்கும் சில குளிசைகளை எடுப்பவர்களும் ஓட முன்னர் சீனியைப் பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் ஏதாவது உண்ட பின்னரே புறப்பட வேண்டும். விரதம் பிடித்துக்கொண்டு கோயிலுக்குக் கார் ஓடும் அக்காமாருக்கு இது முக்கியம். ஓடும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, குளுக்கோசோ இனிப்போ எடுங்கள். சீனி சரியாகி முக்கால் மணி நேரம் கழித்தே மீண்டும் ஓடலாம். வண்டியில் ஒரு பக்கெற் இனிப்பு எப்போதும் கிடக்கட்டும். எதிரே வரும் வெளிச்சம் இரவில் பூச்சிதறலாகத் தெரிந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்காமல் கண்ணைக் காட்டுங்கள், கண்புரையாக இருக்கலாம்.

விபத்தொன்றைக் கண்டால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசம். காயப்பட்டவரைக் கையிலும் காலிலும் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கித் திணிக்கும் எங்கள் அவசரத்தில் கழுத்தெலும்பு முறிந்தவரின் முள்ளந்தண்டு நரம்பும் அறுந்து போகலாம். தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாவிட்டால் கிடந்தபடியே விட்டு, தலை அசையாமல் பிடித்து, இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். சோடா உடைத்துக் கொடுக்க வேண்டாம். மயக்க நிலையில் அது மூச்சுக் குழாய்க்குள் போகும், சத்திர சிகிச்சையையும் தாமதப்படுத்தும்.

ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைக்கின்றோம். புதிய வண்டிக்கு நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கின்றோம். பழத்தை வைக்கக் குனியும்போது ரயரின் அந்த நான்கு இலக்கங்களையும் வாசித்து விடுங்கள். பிறகு வைப்பர் ரப்பர், முன் விளக்கு, பிறேக் விளக்கு, காப்புறுதித் திகதி. மாலையைக் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள், சாரதியின் பார்வைக்கு நடுவே தொங்க வேண்டாம்.

கடைசியாகச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தோம். இந்த விழா முடிந்ததும் இன்றிரவே கொழும்புக்கு வான் ஒழுங்கு செய்திருப்பவர்கள் பலர் என்று அறிகின்றோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நாளை மறுநாள் விமானம், அதற்கு முன் வெள்ளவத்தையில் சாமான் வாங்க வேண்டும். எல்லாம் விளங்குகிறது. ஆனால் அந்தச் சாரதி நேற்றிரவு உங்களைக் கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றிக்கொண்டு விடிய இங்கு வந்து சேர்ந்தவர். பகல் முழுவதும் எங்கள் பாடசாலை வளவில் வேப்பமர நிழலில், வானின் இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறார். வன்னியில் இரவில் ஏ9 வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்திருக்கும். அநுராதபுரம் கடந்து, விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், பின்னால் எல்லோரும் உறங்கிய பிறகு, அவர் ஒருவர்தான் விழித்திருக்க வேண்டும். நித்திரையில் ஓடுபவர் பிறேக்கே மிதிப்பதில்லை. அந்த நேரத்து மோதல்கள் அதனால்தான் அவ்வளவு கொடியவை. வெற்றிலையும் பிளேன்ரீயும் நித்திரைக்கு மருந்தல்ல. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் உறங்குவது ஓரளவு உதவும். முழு இரவு உறக்கம்தான் உண்மையில் உதவும். முறிகண்டியில் எல்லா வண்டியும் நின்று தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போவது எங்கள் முன்னோர் வைத்த நல்ல ஒழுங்கு. ஆனால் அது பயணத்தின் ஐந்தில் ஒரு பங்குத் தூரம்தான். மிச்சத்துக்கு நாம்தான் ஒழுங்கு வைக்க வேண்டும்.

விழாக் குழுவினருடன் ஏற்கனவே பேசியிருக்கின்றோம். விடுதியின் கீழ் மண்டபத்தில் பாய்களும் தலையணைகளும் போட்டிருக்கின்றார்கள், மின்விசிறி இருக்கிறது, இரவுச் சாப்பாடு சாரதிமாருக்கும் சேர்த்துத்தான் சமைக்கப்படுகிறது. நாளை அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொழும்பில் நிற்கலாம். இடைவேளையின்போது வெளியே போய், உங்கள் சாரதியிடம் பயணம் காலையில்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.